பாட்காஸ்டை வெட்டினால் கன்டென்ட் ஆகிவிடாது: டிரிஃப்ட் செய்தது என்ன?

45 நிமிட ஆங்கிலப் பேட்டியை எழுத்தாக்கினால் 6,000, 7,000 வார்த்தை வரும். அதைக் கையில் வாங்கியதும் ஸ்டார்ட்அப் நிறுவனர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி, "இதிலிருந்து எத்தனை போஸ்ட் எடுக்கலாம்?" சென்னையில் சாஸ் (இணையம் வழியாகச் சந்தாவுக்கு சாஃப்ட்வேர் விற்கும்) நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், இந்தக் கேள்வி காதில் விழாத மாதமே இல்லை. பத்து கிளிப், நாலு லிங்க்ட்இன் போஸ்ட், ஒரு பிளாக், ஒரு நியூஸ்லெட்டர் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். எல்லாம் வெளியாகும், ஒரு வாரம் கழித்து அதில் ஒன்றையாவது ஞாபகம் வைத்திருப்பவர் அந்தக் கம்பெனிக்குள்ளேயே இருக்க மாட்டார்.

இந்த வேலையை உருப்படியாகச் செய்த ஒருவரைக் காட்டச் சொன்னால், அமெரிக்காவில் பாஸ்டனில் இருந்த டிரிஃப்ட் நிறுவனத்தைக் காட்டுவேன். அங்கே நடந்ததை இங்கே விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மைக், எடிட்டிங், எபிசோடு எண்ணிக்கை என்று வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாட் பாக்ஸ் விற்றவர்கள்

டிரிஃப்டைத் தொடங்கியவர்கள் டேவிட் கேன்சலும் எலியாஸ் டோரஸும். கேன்சலுக்கு அது முதல் கம்பெனி இல்லை. அவருடைய பர்ஃபார்மபிள் நிறுவனத்தை 2011ல் ஹப்ஸ்பாட் என்ற மார்க்கெட்டிங் சாஃப்ட்வேர் நிறுவனம் வாங்கியது, அங்கேயே புராடக்ட் தலைவராகச் சில வருடம் இருந்துவிட்டு அப்புறம்தான் இதற்கு வந்தார். விற்ற பொருளை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வெப்சைட்டுக்கு வருகிறவர் பெயர், மின்னஞ்சல், போன் நம்பர் எல்லாம் ஃபாரத்தில் நிரப்பிவிட்டு விற்பனை ஆள் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே அப்போதே சாட்டில் பேசிக்கொள்ளலாம்.

நல்ல பொருள்தான், ஆனால் புதியது இல்லை. இன்டர்காம் 2011லிருந்தே சந்தையில் இருந்தது, ஜோபிம் என்ற சாட் நிறுவனத்தை ஜெண்டெஸ்க் 2014லேயே வாங்கிவிட்டது. வாங்குகிறவர் கண்ணுக்கு எல்லாமே வெப்சைட்டின் வலது மூலையில் எட்டிப்பார்க்கும் ஒரு சின்ன வட்டம். என்னென்ன வசதி இருக்கிறது என்று அடுக்கி எழுதி அந்தச் சந்தையில் ஜெயிக்க முடியாது, அடுத்தவரும் அதையேதான் எழுதியிருப்பார். என்னிடம் வருகிற நிறுவனங்களில் பாதிக்கு மேல் இதே இடத்தில்தான் நிற்கின்றன.

மார்க்கெட்டிங் பொறுப்புக்கு 2015ல் வந்தவர் டேவ் கெர்ஹார்ட். டெக் இன் பாஸ்டன் என்ற பாட்காஸ்டில் அந்தப் பகுதி ஸ்டார்ட்அப் நிறுவனர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுத்தவர் அவர். இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: மார்க்கெட்டிங்குக்கு வந்த ஆள், ஏற்கெனவே மற்றவர் வாயிலிருந்து விஷயத்தை வாங்கப் பழகியிருந்தார். கேன்சலிடம் சொல்ல நிறைய இருந்தது. உட்கார்ந்து கட்டுரை எழுத எந்த நிறுவனருக்குத்தான் நேரம் இருக்கிறது? பேசச் சொன்னால் பேசுவார்.

2016ல் இருவரும் சேர்ந்து சீக்கிங் விஸ்டம் என்ற பாட்காஸ்டை ஆரம்பித்தார்கள். வெளியிலிருந்து பெரிய பெயர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், கம்பெனிக்குள் இருந்த நிபுணரையே பேட்டி எடுத்தார்கள் என்று சொல்லலாம். ஆள் எடுப்பது, வாடிக்கையாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, படிக்கிற பழக்கம், தன்னைத் தானே திருத்திக்கொள்வது என்று பேச்சு போகும், சாட் பாக்ஸ் பற்றிய பேச்சு அபூர்வம். கேட்கிறவர்களிடம் ஆறு நட்சத்திர ரிவ்யூ போடச் சொல்வார்கள். ஆப்பிளில் ஐந்துக்கு மேல் கிடையாது, அதனால் ஐந்தை அழுத்திவிட்டு 'ஆறு நட்சத்திரம்' என்று எழுத்தில் போட வேண்டும், ஜனங்களும் போட்டார்கள். சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் வார்த்தையை அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் தன் கையால் எழுதுகிறார் என்றால், அந்த நிறுவனம் செலவழித்த விளம்பரக் காசு எதுவும் அதற்கு ஈடாகாது.

ஃபாரத்தைத் தூக்கியது

அதே 2016ல் டிரிஃப்ட் தன் வெப்சைட்டில் இருந்த லீட் ஃபாரம்களை (வருகிறவர் விவரத்தை வாங்கும் ஃபாரம்களை) எல்லாம் எடுத்துவிட்டது. மின்னஞ்சல் கொடுத்தால்தான் மின்நூல் என்பது இனி கிடையாது, எல்லாமே திறந்திருக்கும் என்று கெர்ஹார்ட் எழுதி அறிவித்தார். அன்றைய சாஸ் மார்க்கெட்டிங்கில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மின்நூலைக் கொடுத்து மின்னஞ்சலை வாங்குவதையே ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தது பக்கத்து கேம்பிரிட்ஜில் இருந்த ஹப்ஸ்பாட். கேன்சல், கெர்ஹார்ட் இருவரும் அங்கே வேலை பார்த்தவர்கள்.

இதைப் பாட்காஸ்டோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் முழுதாகும். பாட்காஸ்டுக்கு ஃபாரம் போடவே முடியாது. யார் கேட்கிறார், எந்தக் கம்பெனி, என்ன பதவி, எதுவும் தெரியாமல்தான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபாரம் வேண்டாம் என்று சொல்லிப் பொருளை விற்கிற கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் கிடையாது, பேட்டியிலிருந்து எழுதியதையும் அதே மாதிரி திறந்தே வைத்ததால் சொல்லும் செயலும் ஒன்றாக இருந்தன. நான் பார்க்கிற பல இடங்களில் இது தலைகீழ். நிபுணர் மனம் திறந்து பேசியிருப்பார், அதைப் பிடிஎஃப் ஆக்கி ஏழு கட்டம் உள்ள ஃபாரத்துக்குப் பின்னால் பூட்டிவிடுவார்கள். அப்புறம் டவுன்லோடு குறைவு என்று தலைப்பை மாற்றச் சொல்வார்கள்.

மூன்று நிமிடப் பேச்சு எப்படி நூலானது

இனிதான் மெயின் விஷயம். கேன்சல் பல இடங்களில் விளக்கிய ஒரு முறை உண்டு, ஸ்பாட்லைட் என்று பெயர். வாடிக்கையாளர் ஒரு கருத்து சொன்னால் உடனே அவர் எதைப் பற்றிச் சொன்னார் என்று ஓடாதீர்கள், வாக்கியத்தை எப்படி ஆரம்பித்தார் என்று கவனியுங்கள் என்பார். "இதை எப்படிச் செய்வது", "இப்படிச் செய்தால் என்ன ஆகும்", "நான் செய்து பார்த்தேன்" என்று ஆரம்பித்தால், வசதி இருக்கிறது, அவரால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. "இதில் அது முடியுமா", "அவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்" என்றால் நீங்கள் பொருளைச் சரியாக விளக்கவில்லை. "நான் உங்களுக்கான ஆள் இல்லை போல", "தப்பாகக்கூட இருக்கலாம், ஆனால் நான் நினைத்தது..." என்றால் அதைவிட ஆழமான சிக்கல், நீங்கள் யாருக்காக இருக்கிறீர்கள் என்பதே வெளியில் தெரியவில்லை.

பேச்சில் இது மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. கிளிப் தேடுகிற கண்ணோடு டிரான்ஸ்கிரிப்டைப் படித்தால் இதைத் தாண்டிப் போய்விடுவோம், ஏனென்றால் இதில் ஜொலிக்கிற வரி ஒன்றுகூட இல்லை. "வாடிக்கையாளர்தான் எல்லாம்" என்று அழுத்திச் சொன்ன இடத்தைத்தான் எடிட்டர் குறித்து வைப்பார். ஆனால் அந்த வரியைக் கேட்டவர் மறுநாள் ஆபீஸ் போய் அதை வைத்து என்ன செய்வார்? ஸ்பாட்லைட்டைக் கேட்டவர், காலையில் முதல் வேலையாக சப்போர்ட் மின்னஞ்சல்களைத் திறந்து மூன்று குவியலாகப் பிரித்துப் பார்ப்பார். பேட்டியிலிருந்து எடுக்க வேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன்: கேட்டவர் நாளைக்குத் தன் வேலையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று. ஒரு மணி நேரப் பேட்டியில் அப்படி ஒன்றோ இரண்டோதான் தேறும். மீதியெல்லாம் அதற்குச் சுற்றுச்சுவர்.

டிரிஃப்ட் அந்த ஒன்றிரண்டை விடாமல் பிடித்துக்கொண்டது. ஸ்பாட்லைட் கட்டுரையாகவும் வந்தது, 2017ல் கேன்சல் பெயரில் வந்த ஹைப்பர்குரோத் என்ற சின்ன நூலுக்குள்ளும் வந்தது. அதே வருடம் செப்டம்பரில் பாஸ்டனில் அதே பெயரில் மாநாடும் நடத்தினார்கள். ஃபாரம் வேண்டாம் பேசுவோம் என்கிற மூலக் கருத்துக்கு கான்வர்சேஷனல் மார்க்கெட்டிங் என்று பெயர் வைத்து, எங்கே போனாலும் அந்தப் பெயரையே சொல்லி, 2019ல் அதே தலைப்பில் கேன்சல், கெர்ஹார்ட் இருவர் பெயரும் போட்டு வைலி பதிப்பகம் வழியாக நூலும் கொண்டுவந்தார்கள். லிங்க்ட்இன் 2017ல் வீடியோ நேரடியாக ஏற்றும் வசதியைத் திறந்தபோது, போனைக் கையில் பிடித்தபடி கெர்ஹார்ட் பேசிய வீடியோக்களிலும் இவையேதான் வந்தன.

ஒவ்வொரு வடிவமும் செய்த வேலை வேறு. பேச்சில், கேள்வி கேட்கிறவர் எங்கே புரியாமல் நிறுத்தி மறுபடி கேட்கிறார் என்பதிலிருந்து விளக்கத்தில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். கட்டுரையில் அதை அடைத்து வரிசைப்படுத்தலாம். விற்பனை ஆள் ஒரு வாடிக்கையாளர் மேசையில் வைத்துவிட்டு வருவதற்குப் புத்தகம் உதவும். மாநாட்டில், அதுவரை தனித்தனியாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த வரிசையை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு நடந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வெளியே வந்தவற்றை வைத்து நான் புரிந்துகொண்டது இது.

கேள்வி கேட்கிறவர் யார்

டிரிஃப்ட் வளர வளர ஒரே பாட்காஸ்ட் பலவாகப் பிரிந்தது. பில்ட் என்ற நிகழ்ச்சியில் புராடக்ட் ஆட்களைப் பேட்டி எடுத்தவர் மேகி கிரவுலி, குரோத் என்ற நிகழ்ச்சியை நடத்தியவர் மேட் பிலாட்டி. இருவருமே டிரிஃப்டின் புராடக்ட் பிரிவில் வேலை செய்தவர்கள். வாடகைக்குப் பிடித்த தொகுப்பாளர்கள் இல்லை. அதனால் விருந்தினர் பொதுப்படையாக ஏதாவது சொல்லும்போது, அதே வேலையைத் தானும் செய்கிறவரால் "சரி, அந்த வாரம் என்ன செய்தீர்கள்?" என்று இழுத்துப் பிடிக்க முடியும்.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கன்டென்ட் ஆளை மட்டும் அனுப்பிப் பேட்டி எடுக்கிற கம்பெனிக்குக் கன்டென்ட் ஆளுக்குப் புரிந்த அளவுக்குத்தான் சரக்கு கிடைக்கும். ஒன்று, துறையில் வேலை செய்கிற ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், இல்லையென்றால் எழுதுகிறவர் நாலு நாள் செலவழித்து அந்தத் துறையைப் படித்துவிட்டுப் போக வேண்டும். ஃபர்ஸ்ட் ரவுண்ட் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் 2013ல் தொடங்கி, கேமில் ரிக்கெட்ஸ் வளர்த்த ரிவ்யூ இதழ் இரண்டாவது வழியில் போனது. அனுபவசாலி ஒருவரிடம் நீளமாகப் பேசி, ஒரே ஒரு நீண்ட கட்டுரை எழுதுவார்கள். பேட்டிகளோடு மேடைப் பேச்சுகளும் அங்கே கட்டுரையாகும். கிம் ஸ்காட்டின் ரேடிகல் கேண்டர் (அக்கறையோடு நேருக்கு நேர் சொல்வது) என்ற கருத்து 2015ல் அங்கே அப்படி வந்து, 2017ல் நூலானது. இன்டர்காம் மூன்றாவது வழி: ஐரிஷ் டைம்ஸ் நாளிதழில் இருந்த ஜான் காலின்ஸைக் கொண்டுவந்து எடிட்டிங்கை ஒப்படைத்தது. பாட்காஸ்ட் எபிசோடு வந்தால் கூடவே திருத்திய எழுத்து வடிவமும் வரும், தலைப்பு வாரியாகத் தொகுத்து நூல்களும் போட்டார்கள். மூன்று இடத்திலும் கவனம் குவிந்தது மைக்குக்கு முன்னாலும் பின்னாலும் நடந்த வேலையில்தான்.

நம் பக்கம் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சென்னை, கோவை நிறுவனங்கள் பலவற்றுக்கு வாங்குகிற ஆள் அமெரிக்காவில், எழுத்து ஆங்கிலத்தில். அதனால் ரெக்கார்டிங் பட்டனை அழுத்தியதும் நிறுவனர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார், தாவியதும் கதை சுருங்கிப்போய் கம்பெனி புரோஷர் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார். இப்போதெல்லாம் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "சார், இதை யாரும் கேட்கப் போவதில்லை, எழுதத்தான் போகிறோம், தமிழும் இங்கிலீஷும் கலந்தே சொல்லுங்க." அந்த வாடிக்கையாளர் போனில் என்ன கத்தினார், இவர் அன்றிரவு ஏன் தூங்கவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் வருகிறது. ஆடியோ வெளியிட வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம், அதற்குள் கதை நாக்கில் வந்து உட்கார்ந்திருக்கும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்ட இரண்டு

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற ஏஐ மென்பொருள் 2022 செப்டம்பரில் இலவசமாக வந்த பிறகு டிரான்ஸ்கிரிப்ட் எடுக்கிற வேலை கிட்டத்தட்ட போயே போய்விட்டது. சந்தோஷம்தான், ஆனால் ஒரு பேட்டியில் விருந்தினர் "ஃபிஃப்டீன்" என்று சொன்னதை மெஷின் 50 என்று எழுதியது, நான் ஆடியோவோடு ஒத்துப்பார்க்காமல் கட்டுரையில் அப்படியே போட்டுவிட்டேன். வெளியாகி இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை, ஆனால் அவருடைய சக ஊழியர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள் என்று சொன்ன குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒருவர் தன் பெயரை நம்பி நம்மிடம் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து எண், பெயர், பொருளின் பெயர் மூன்றையும் ஆடியோவைக் கேட்டுத்தான் உறுதி செய்கிறேன், வரைவை விருந்தினருக்கு அனுப்பி அவர் சரி என்ற பிறகுதான் வெளியீடு.

இன்னொன்று அனுமதி. ஒரு நிறுவனம், பாட்காஸ்டுக்கு வந்த விருந்தினரின் முகத்தையும் அவர் சொன்ன ஒரு வரியையும் எடுத்துக் காசு கட்டி ஓட்டுகிற விளம்பரத்தில் போட்டுவிட்டது. அவர் பேச ஒப்புக்கொண்டது பாட்காஸ்டுக்கு, அந்தப் பொருளைப் பரிந்துரைக்க இல்லை. அவர் கேட்டு விளம்பரத்தை எடுக்கவைத்தார், எடுத்தார்கள், ஆனால் அதன் பிறகு அந்தத் துறையில் அவர்களுக்கு விருந்தினர் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. எங்கெங்கே பயன்படுத்துவோம் என்று நாலு வரி மின்னஞ்சல் முன்கூட்டியே அனுப்பியிருந்தால் போதும்.

கணக்குக் கேட்டால்

டிரிஃப்ட் வேகமாக வளர்ந்தது. 2018 ஏப்ரலில் செக்வோயா என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் 6 கோடி டாலர் முதலீடு வந்தது, 2021ல் விஸ்டா ஈக்விட்டி என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியபோது மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. இதில் பாட்காஸ்டின் பங்கு இத்தனை சதவீதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாட்காஸ்ட் ஆப் காட்டுகிற டவுன்லோடு எண்ணிக்கையில் வாங்கியவர் யார் என்று இருக்காது. நான் நம்புகிற அளவுகோல் இரண்டுதான். டெமோ கேட்டு வருகிறவரிடம் "எங்களைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று கேட்டு, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லாமல் அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்வது ஒன்று. விற்பனை அழைப்புகளில் வாடிக்கையாளர் நம் கட்டுரையில் வந்த வார்த்தையைத் தானாகச் சொல்கிறாரா என்று கேட்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். நிறுவனரிடம் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் நல்லது, மூன்றாவது எபிசோடில் அவர் கேட்கும்போது சொன்னால் சமாளிப்பது போல இருக்கும்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். கெர்ஹார்ட் 2019 கடைசியில் டிரிஃப்டை விட்டுப் போனார். பிறகு பி2பி (நிறுவனங்களுக்கு விற்கிற) மார்க்கெட்டிங் ஆட்களுக்காக அவர் தொடங்கிய குழு எக்ஸிட் ஃபைவ் என்ற பெயரில் இன்றைக்கும் இருக்கிறது, டிரிஃப்ட் காலத்தில் அவர் பேசிக் கேட்டவர்கள் பலர் அங்கே வந்து சேர்ந்தார்கள். டிரிஃப்டை 2024 பிப்ரவரியில் சேல்ஸ்லாஃப்ட் என்ற விற்பனை சாஃப்ட்வேர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. குரலை வைத்துக் கட்டுகிற மார்க்கெட்டிங்கில் கேட்பவர்கள் பெரும்பாலும் மனிதர்களோடுதான் பழகுகிறார்கள், மனிதர் போனால் அவர்களில் ஒரு பகுதி கூடவே போகும். இதற்குப் பயந்து பாட்காஸ்ட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே குரலில் நிறுத்தாமல், கிரவுலி, பிலாட்டி மாதிரி உள்ளே வேலை செய்கிற நாலு பேரை மைக்குக்குக் கொண்டுவருவது நல்லது. நிறுவனருக்குத் தெரியாத பல விஷயம் சப்போர்ட் டீமுக்குத் தெரிந்திருக்கும், அவர்களை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

போன மாதம் கோவையில் ஒரு சின்ன பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனியில் அதைத்தான் செய்தோம். சப்போர்ட் பிரிவைப் பல வருடமாக நடத்துகிற அக்கா, "எனக்கு என்ன தம்பி பேசத் தெரியும், சாரைக் கூப்பிடுங்க" என்றார். "அக்கா, கடைசியா ஒரு கஸ்டமர் நம்மை விட்டுப் போனது எப்போ? அன்னைக்குக் காலையிலிருந்து சொல்லுங்க" என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். வழக்கமாக டிக்கெட் (உதவி கேட்கும் கோரிக்கை) போடுகிற ஆள் திடீரென்று மாறினால், புது ஆள் முதல் டிக்கெட்டிலேயே டேட்டாவை எக்ஸ்போர்ட் செய்வது எப்படி என்று கேட்டால், அந்த வாடிக்கையாளர் கிளம்பத் தயாராகிவிட்டார் என்று அர்த்தம், அன்றைக்கே நான் போன் போட்டுவிடுவேன் என்றார். அதை மட்டும் வைத்து ஒரே ஒரு கட்டுரை எழுதினோம். கிளிப் எதுவும் போடவில்லை. விற்பனைப் பையன் ஒருவன் அதை இரண்டு வாடிக்கையாளருக்கு அனுப்பியிருக்கிறான், அதில் ஒருவர் தன் சப்போர்ட் டீமுக்கே அதை ஃபார்வர்டு செய்திருக்கிறார். அக்காவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "அடுத்த ரெக்கார்டிங் எப்போ தம்பி? இந்தத் தடவை டிக்கெட் லிஸ்ட்டை எடுத்துட்டு வரேன்."